கறுப்பு உறை போட்ட இசைத்தட்டு

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதையில் ஒரு பாத்திரத்தைச் சாக அடித்துவிட்டால் வாசகர்கள் லேசில் மன்னிக்க மாட்டார்கள். ஒரு தடவை நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். கதை பாதி நடந்துகொண்டிருந்தபோது எல்லோருக்கும் பிடித்த ஒரு பிள்ளையாண்டானை விஷ ஜுரத்துக்குப் பலி கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் தபால்காரர் கட்டுக் கட்டாகக் கடிதங்களைக் கொண்டுவந்து போட்டார். ஓர் அம்மாள், "இனிமேல் உங்கள் கதையைத் தொடமாட்டேன். இது சத்தியம்" என்று எழுதியிருந்தாள். இரண்டு மாதம் கழிந்தது. அதே கையெழுத்தில் இன்னொரு கடிதம் வந்தது. கதையில் புதிதாக வந்து சேர்ந்த வேறொரு பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டு, "இவனையாவது தயவுசெய்து உயிரோடு விட்டுவையுங்கள்" என்று கேட்டிருந்தாள்.

நான் சிரித்தேன். ஆனால் அந்த அம்மாள் கடிதத்தின் அடியில் எழுதியிருந்த ஒரு வரி சிரிக்கக்கூடியதாக இல்லை. "இவனிடம் பிரியம் வைப்பது அவனுக்குச் செய்யும் துரோகமோ என்று சில சமயம் தோன்றுகிறது" என்பது அந்த வரி.

காகிதத்தில் பிறந்து காகிதத்தில் இறந்தவன் விஷயத்திலேயே இப்படி ஒரு மனக் கிலேசம் என்றால், ரத்தமும் சதையுமான ஒரு மனிதன் விஷயத்தில் எப்படி இருக்கும்? லட்சக்கணக்கான ஜனங்கள் உயிரை வைத்து நேசித்த ஒரு குரல் திடீரென்று அடங்கிவிடுகிறது. ஐந்து மாதத்துக்குள் அதே இடத்தில் வேறொரு குரல் நின்று பாடுகிறது. அந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? கேட்டால் துரோகமா? கேட்காமல் போனால்தான் விசுவாசமா?

1980-ம் ஆண்டில் இந்தக் கேள்வி வாஸ்தவமாகவே எழுந்தது. அதற்குப் பதிலும் கிடைத்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

*

சரித்திரத்தின் நாயகர்கள் 'ஏ.ஸி./டி.ஸி.' என்ற இசைக் கோஷ்டியார். அவர்கள் வாசிப்பது 'ஹார்டு ராக்'. தம்பூரா சுருதியில் காது பழகிய நம்மில் பலர் அதை முதல் தடவை கேட்கும்போது, "ஐயோ, யாராவது அதை நிறுத்துங்களேன்!" என்றுதான் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். மின்சாரக் கித்தார் இரண்டு, அடியில் உறுமும் இன்னொரு கித்தார், டிரம்மின் அடி, எல்லாவற்றுக்கும் மேலே தொண்டை கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படியான ஒரு குரல் - இவ்வளவுதான் சாமான். ஆனால் சற்றுப் பொறுமையாகக் கேட்டால் அந்த இரைச்சலுக்குள் ஒரு கட்டுப்பாடு இருப்பது தெரியும். நாலைந்து ஸ்வரங்களைக் கோத்த ஒரு சிறு துண்டு. அதுவே திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமும் பிசகாமல் காலப் பிரமாணத்தில் வந்து உட்காரும். இடையிடையே ஒரு கணம் முழு நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் கேட்கிறவனுடைய கால் தானாகத் தாளம் போட ஆரம்பிக்கிறது.

இந்தக் கோஷ்டியின் வேர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்தது. யங் என்ற குடும்பம். எட்டுக் குழந்தைகள். 1962-ம் வருஷக் கடைசியில் ஆரம்பித்த பனிக்காலம் பிரிட்டனில் வெகு கடுமையாக இருந்தது. மாதக் கணக்கில் பனி உருகவில்லை. வெள்ளைக்காரர்களைக் குடியேற்றிக்கொள்ள ஆஸ்திரேலிய அரசாங்கம் அப்போது சலுகைக் கட்டணத்தில் பிரயாண வசதி செய்து கொடுத்தது. வயது வந்தவர்களுக்கு வெறும் பத்துப் பவுன்தான். 1963-ல் யங் குடும்பத்தில் பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு ஸிட்னிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் அகதிகள் முகாம் போன்ற ஒரு குடியேற்ற விடுதியில் வாசம். கடைசிப் பிள்ளைகள் இருவர்: மால்கம், ஆங்கஸ். ஒருவனுக்குப் பத்து வயது, மற்றவனுக்கு எட்டு.

இவர்களுக்கு மூத்த அண்ணன் ஜார்ஜ், 'ஈஸிபீட்ஸ்' என்ற கோஷ்டியில் சேர்ந்து 1966-ல் உலகப் புகழ் பெற்றார். தம்பிகள் அதைப் பார்த்துக் கித்தாரைக் கையில் எடுத்தார்கள். 1973-ம் வருஷக் கடைசியில் சொந்தமாக ஒரு கோஷ்டி அமைத்தார்கள். பெயர் வைக்க வேண்டுமே? அக்காள் மார்கரெட் தன்னுடைய தையல் யந்திரத்தைப் பார்த்தாள். அதில் 'ஏ.ஸி./டி.ஸி.' என்று பொறித்திருந்தது. இருவகை மின்சாரத்திலும் ஓடும் என்று அர்த்தம். அதுவே பெயராயிற்று. ஆங்கஸ் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அரை நிஜாரும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் வேடிக்கையாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் அந்த அக்காள்தான். தம்பி அந்த அரை நிஜாரை அறுபத்தைந்து வயதுக்கு மேலும் கழற்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் தமக்கை வாக்கு என்றால் அப்படி!

ஆங்கஸ் மேடையில் குதிப்பான், உருளுவான், ஒற்றைக் காலால் நொண்டியடித்து ஓடுவான். ஜனங்கள் அவனைத்தான் பார்ப்பார்கள். மால்கமோ பின்னால் டிரம்முக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, தாளத்தைத் தாங்கும் கித்தாரை வாசிப்பார். பார்ப்பதற்குப் பக்கவாத்தியம் மாதிரி இருக்கும். உண்மையில் கோஷ்டியின் முதுகெலும்பு அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் அவரைத் திரும்பவும் சந்திக்க வேண்டியிருக்கும்.

*

1974-ல் அவர்களுக்குப் பாடகர் ஒருவர் கிடைத்தார். பெயர் பான் ஸ்காட். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். கிர்ரிமியூர் என்ற சிற்றூரில் குழந்தைப் பருவத்தைக் கழித்துவிட்டு, 1952-ல் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். மேற்குக் கரையில் ஃப்ரீமான்டில் என்ற துறைமுகப் பட்டணத்தில் வளர்ந்தார். ஊர்க் கோஷ்டியில் டிரம் அடித்தார். சகோதரர்களைவிட வயதில் மூத்தவர், உலகத்தில் அடிபட்டவர். அவர் பாடினால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போக்கிரி நண்பன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு தன் சொந்தக் கதையைச் சொல்வது போல இருக்கும். பாட்டுக்கு வார்த்தைகளும் அவரே எழுதினார். கடன்காரன், குடிகாரன், வேலை தேடி அலைகிறவன், பெண்ணிடம் ஏமாந்தவன் - இவர்களே அவர் பாட்டின் நாயகர்கள். பட்டறைகளிலும் துறைமுகங்களிலும் வேலை செய்கிற பையன்கள், "இவன் நம்மவன்!" என்று அவரைச் சொந்தம் கொண்டாடினார்கள்.

1979-ல் 'ஹைவே டு ஹெல்' என்ற இசைத்தட்டு வந்தது. நரகத்துக்கு ராஜபாட்டை என்று அர்த்தம்! அமெரிக்காவில் முதல் இருபது இடங்களுக்குள் அவர்கள் எட்டிப் பார்த்தது அந்தத் தட்டினால்தான். ஐந்து வருஷம் பஸ்ஸிலும் வேனிலும் ஊர் ஊராக அலைந்து பட்ட பாட்டுக்குப் பலன் தென்பட ஆரம்பித்தது. அடுத்த தட்டு வெளிவந்தால் சிகரத்தை எட்டிவிடலாம் என்ற நிலை. சகோதரர்கள் லண்டனில் புதிய மெட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1980 பிப்ரவரி மத்தியில் பான் ஒரு நாள் ஒத்திகைக்கு வந்தார். பாடவில்லை, பழைய ஞாபகத்தில் டிரம்மின் பின்னால் உட்கார்ந்து கொஞ்சம் வாசித்துவிட்டு, வார்த்தைகள் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

பிப்ரவரி 19-ம் தேதி அவர் இறந்து போனார். வயது முப்பத்துமூன்று.

மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. முதல் நாள் இரவு லண்டனில் ஒரு கேளிக்கை விடுதியில் அளவு கடந்து குடித்திருந்தார். ஒரு நண்பரின் காரில் தூங்கிப் போனவரை எழுப்ப முடியாமல் காரிலேயே விட்டுவிட்டார்கள். மறுநாள் பார்க்கும்போது உயிர் இல்லை. மதுவின் விஷமே காரணம் என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. பாட்டில் வேடிக்கையாகத் தோன்றிய குடி, வாழ்க்கையில் வேடிக்கை பார்க்கவில்லை.

செய்தி தெரிந்ததும் மால்கம் செய்த முதல் காரியம், ஆஸ்திரேலியாவில் இருந்த பானின் பெற்றோரை டெலிபோனில் கூப்பிட்டதுதான். ரேடியோ மூலமாகவோ பத்திரிகை மூலமாகவோ அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று அந்த இருபத்தேழு வயது இளைஞர் நினைத்தார். ஒரு தாயிடம் அப்படிப்பட்ட சேதியைச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

*

ஃப்ரீமான்டிலில் 1980 மார்ச் முதல் தேதி அஸ்தி அடக்கம் நடந்தது. கோஷ்டியைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சு சகோதரர்களிடையே எழுந்திருந்தது. அப்போது பானின் தகப்பனார் மால்கமிடம், வேறு ஒருவரைத் தேடிக்கொண்டு நீங்கள் தொடர்ந்து நடத்தத்தான் வேண்டும் என்று சொன்னாராம். மகனைப் பறிகொடுத்த மனிதர், மகன் இருந்த இடத்தில் இன்னொருவனை நிறுத்திக்கொள் என்று தாமே சொல்கிறார்!

இந்தச் சரித்திரம் முழுவதற்கும் சாவி அந்த வார்த்தையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரசிகர்களுக்கு முன்னால் அனுமதி கொடுத்தவர் பெற்ற தகப்பனார். அதற்குப் பிறகு யார் என்ன ஆட்சேபம் சொல்ல முடியும்?

பலரைப் பாடச் சொல்லிப் பார்த்தார்கள். அப்போது பான் எப்போதோ சொன்ன ஒரு பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. 1973-ல் பான் வேறொரு கோஷ்டியில் இருந்தபோது, 'ஜியார்டி' என்ற ஆங்கிலக் கோஷ்டியின் பாடகர் ஒருவரைக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் மேடையில் விழுந்து புரண்டு கத்திப் பாடினாராம். "பாட்டென்றால் இதுவல்லவா பாட்டு!" என்று பான் சகோதரர்களிடம் வியந்து பேசியிருந்தார். அன்றைக்கு அந்தப் பாடகர் புரண்டது கலை உணர்ச்சியினால் அல்ல, குடல்வால் நோவினால் என்பது பிறகு தெரிந்த விஷயம்! நோவோ கலையோ, இறந்தவரே சிபாரிசு செய்துவிட்டுப் போயிருந்தார் என்றுதானே சொல்ல வேண்டும்?

அவர் பெயர் பிரையன் ஜான்ஸன். இங்கிலாந்தின் வடகிழக்கே கேட்ஸ்ஹெட் பக்கத்துத் தொழிலாளர் குடும்பம். தாயார் இத்தாலியப் பெண்மணி. புகழ் வந்து போய்விட்ட மனிதர் அவர். 1980-ல் கார்களுக்கு மேற்கூரை உறை ஒட்டும் சிறு தொழில் நடத்தி ஜீவனம் செய்துகொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயது. இனிமேல் நமக்கு மேடை இல்லை என்று அவரே முடிவு கட்டியிருந்தார். லண்டனில் பாடிக் காட்ட வந்த அன்றைக்கும் மேலே வராமல், கீழே வேலையாட்களோடு பில்லியர்ட்ஸ் மாதிரி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாராம். ஏப்ரல் முதல் தேதி அவர் பெயரை அறிவித்தார்கள். முட்டாள்கள் தினத்தில் அறிவித்தபடியால், நம்பாதவர்களும் இருந்திருக்கலாம்!

*

அந்த மாதமே எல்லோரும் பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நாஸோவுக்கு விமானம் ஏறினார்கள். அங்கே கடற்கரையோரம் 'காம்பஸ் பாயிண்ட்' என்ற ஒலிப்பதிவுக் கூடம். மேற்பார்வைக்கு மட் லாங் என்ற நிபுணர். தீவு என்றதும் நிலவும் தென்னங்கீற்றும் நம் மனக்கண்ணில் வரும். அவர்களை வரவேற்றதோ இடியும் மின்னலும் புயல் மழையும்தான். மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டது.

ஜான்ஸனின் நிலைமையை எண்ணிப் பார்க்கிறேன். பாட்டுக்கு வார்த்தைகள் எழுத வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. செத்துப்போன ஒருவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனை நேசித்தவர்களுக்காக எழுத வேண்டும். அவனைப் போலவே எழுதினால் திருட்டு. அவனை மறந்து எழுதினால் அவமரியாதை. தலைப்புப் பாட்டைப் பற்றி சகோதரர்கள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்களாம்: இது பானுக்காக, ஆனால் ஒப்பாரியாக இருக்கக் கூடாது. வேறொரு பாட்டுக்கு வரி அகப்படாமல் தவித்த ஓர் இரவில் வெளியே இடி இடித்தது. இடியையும் மழையையும் மின்னலையுமே வார்த்தைகளாக்கிப் பாட்டை ஆரம்பித்தார்.

அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு மணி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சாவு மணி! மேல் நாட்டில் மாதா கோவில் மணி நிறுத்தி நிறுத்தி மெதுவாக ஒலித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில் பரம்பரையாக மணி வார்க்கும் 'ஜான் டெய்லர்' பட்டறைக்கு ஆர்டர் போயிற்று. எடை சுமார் 2,000 ராத்தல். மணி தயாராவதற்கு முன்பு, அதே ஊரில் யுத்த ஞாபகார்த்தக் கோபுரத்து மணியோசையைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் கோபுரத்துப் பறவைகள் சிறகடித்துப் பறந்தன. அந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. கடைசியில் பட்டறையிலேயே புது மணியை அடித்துப் பதிவு செய்துகொண்டார்கள்.

உறை எப்படி இருக்க வேண்டும் என்பதில் சகோதரர்களுக்குச் சந்தேகமே இல்லை. முழுவதும் கறுப்பு. நமக்குத் துக்கத்தின் நிறம் வெள்ளை, அவர்களுக்குக் கறுப்பு. படம் இல்லை, ஆள் இல்லை, அலங்காரம் இல்லை. கறுப்பின் மேல் கறுப்பாகவே பெயரும் இருக்க வேண்டும் என்றார்கள். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் கலங்கிப் போனார்கள். கடையில் பெயர் தெரியாவிட்டால் யார் வாங்குவது? கடைசியில், எழுத்துக்களைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போடுவது என்று ராஜி ஏற்பட்டது. துக்கமும் வியாபாரமும் செய்துகொண்ட சமரசம் அந்தக் கோடு!

தட்டின் பெயர் 'பாக் இன் பிளாக்'. கறுப்பு உடுத்துத் திரும்பி வந்தோம் என்று சொல்லலாம். பத்துப் பாட்டுகள். 1980 ஜூலை 25-ம் தேதி வெளிவந்தது.

*

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

தட்டு வெளிவருவதற்கு முன்பே, ஜூன் 29-ம் தேதி பெல்ஜியம் தேசத்தில் நாமூர் என்ற ஊரில் ஜான்ஸன் முதல் தடவையாக அவர்கள் முன் நின்றார். தலையில் தொழிலாளிகள் போடும் தட்டைத் தொப்பி. விரட்டிவிட்டால் ஊருக்குத் திரும்பிக் கார்க் கூரை ஒட்டலாம். விரட்டவில்லை. அடுத்த மாதம் தட்டு வந்தது. பிரிட்டனில் முதல் இடம். அமெரிக்காவில் நான்காம் இடம். அதோடு நிற்கவில்லை, வருஷக் கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது. உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது மதிப்பீடு. அமெரிக்காவில் மாத்திரம் இரண்டரைக் கோடி என்று 2019-ல் சான்று வழங்கினார்கள். மனித ஜாதி வாங்கிய இசைத்தட்டுகளில் முன்வரிசையில் நிற்பது துக்க உறை போட்ட ஒரு தட்டு என்பது ஆச்சரியந்தான்.

எல்லோரும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது சரித்திரம் ஆகாது. பானின் காலத்தோடு எல்லாம் முடிந்தது என்று இன்றைக்கும் சாதிக்கிற பழைய அபிமானிகள் உண்டு. அந்தத் தட்டில் குடியைக் கொண்டாடும் பாட்டு ஒன்று இருப்பதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் சுளித்ததில் நியாயமும் உண்டு. இன்னொரு சாரார், புதிய பாட்டுகளில் சில வரிகள் பான் எழுதி வைத்துவிட்டுப் போனவைதான் என்று வெகு காலமாக வாதாடி வருகிறார்கள். கோஷ்டியார் அதை மறுத்துவிட்டார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி அல்ல. ஆனால் அந்த வாதத்தின் அடியில் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. புதிய தட்டிலும் அவன் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்க மாட்டானா என்ற ஆசை அது.

ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? கோஷ்டியார் இறந்தவனை மறைக்கவில்லை. தட்டை வாங்குகிறவன் கையில் முதலில் படுவது துக்கத்தின் நிறம். முள்ளை வைத்ததும் முதலில் கேட்பது சாவு மணி. புதிய குரல் அதற்குப் பிறகுதான் வருகிறது. வீட்டுக்கு வந்தவன் முதலில் படத்துக்கு எதிரே கைகூப்பிவிட்டுப் பிறகு உட்கார்ந்தால், அந்த வீட்டார் அவனை அந்நியனாக நினைப்பார்களா?

*

இறந்தவனையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஃப்ரீமான்டில் கல்லறைத் தோட்டத்தில் பானின் இடத்தைத் தேடி உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். 2006-ம் ஆண்டு, அவருடைய அறுபதாவது பிறந்த நாளின்போது, அங்கே பதித்திருந்த வெண்கலத் தகட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்தியும் திருட்டும் சில சமயம் ஒரே மனத்தில் குடியிருக்கும் போலிருக்கிறது. துறைமுகத்தருகே 2008-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பால்யத்தில் இருந்த கிர்ரிமியூரிலும் ரசிகர்கள் பணம் திரட்டி 2016-ல் இன்னொரு சிலை வைத்தார்கள்.

மெல்போர்ன் நகரசபை 2004-ல் ஒரு சந்துக்கு இந்தக் கோஷ்டியின் பெயரைச் சூட்டிற்று. ஆனால் தெருப் பெயரில் சாய்கோடு போட விதிகள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பலகையில் கோடு இல்லாமலே எழுதினார்கள். பெயரின் நடுவே மின்னல் கோடு இல்லாவிட்டால் ரசிகனுக்கு உயிர் இருக்குமா? சில வாரங்களில் ஒரு கலைஞர் உலோகத்தில் மின்னல் ஒன்று செய்து பலகைக்கு மேலே பொருத்திவிட்டார். பலகையும் அடிக்கடி காணாமல் போயிற்று. நகரசபைக்காரர்கள் புதுப் பலகை செய்து செய்து சலித்திருப்பார்கள்!

2020 மார்ச் முதல் தேதி, அஸ்தி அடக்கம் நடந்து சரியாக நாற்பது வருஷம். பெர்த் நகரிலிருந்து ஃப்ரீமான்டிலுக்குப் போகும் கானிங் நெடுஞ்சாலையைச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கு மூடினார்கள். 'நரக ராஜபாட்டை' என்று பான் பாடியது அந்தச் சாலையைத்தான் என்று அந்த ஊரில் ஓர் ஐதிகம். ஊர் ஊராக அலையும் எங்கள் பிழைப்பைத்தான் அப்படிச் சொன்னோம் என்று கோஷ்டியார் சொல்லியிருக்கிறார்கள். ஊரார் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. திறந்த லாரிகளில் பல கோஷ்டிகள் அந்தப் பாட்டுகளை வாசித்துக்கொண்டு ஊர்ந்து போயின. இருபுறமும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் நின்றார்கள் என்று கணக்கிட்டார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். பான் மறைந்தபோது அந்தப் பேரனின் தகப்பன்கூடப் பிறந்திருக்க மாட்டான்.

*

இனி மால்கமிடம் வருவோம்.

2014-ல் அவருக்கு ஞாபக சக்தி சிதையும் நோய் கண்டிருப்பதாக அறிவித்தார்கள். நாற்பது வருஷம் தாமே கட்டிய மெட்டுகளை மேடைக்கு முன்பு திரும்பத் திரும்பப் பாடம் பண்ண வேண்டிய நிலை அதற்கு முன்பே வந்திருந்தது. அவர் இடத்தில் மூத்த அண்ணன் மகன் ஸ்டீவி வந்து நின்றார்.

இரண்டு வருஷத்தில் அடுத்த அடி. 2016 மார்ச்சில் ஜான்ஸனின் காது கெட்டுப்போயிற்று. மேடையை விட்டு உடனே இறங்காவிட்டால் முழுச் செவிடாகிவிடுவீர்கள் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். சுற்றுப்பயணம் இன்னும் முடியவில்லை. ஆக்ஸில் ரோஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகரை அழைத்தார்கள். அவர் காலில் எலும்பு முறிந்திருந்ததால் சிம்மாசனம் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாடினார். நன்றாகவே பாடினார் என்றார்கள். ஆனால் பெல்ஜியத்தில் சுமார் 7,000 பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

பெல்ஜியம்! முப்பத்தாறு வருஷத்துக்கு முன்பு முன்பின் தெரியாத தட்டைத் தொப்பிக்காரர் முதன் முதலில் மேடை ஏறி நின்ற தேசம். இறந்தவனின் இடத்துக்கு வந்தவர் என்று அன்று சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர், இன்று இடம் காலியானால் வேறு யாரும் வரக் கூடாது என்று சொல்லும்படி சொந்தக்காரராகிவிட்டார். இதைவிட ஒரு மனிதனுக்கு ரசிகர்கள் தரக்கூடிய சன்மானம் என்ன இருக்கிறது?

2017 அக்டோபரில் அண்ணன் ஜார்ஜ் காலமானார். நவம்பர் 18-ம் தேதி மால்கம் போனார், வயது 64. ஸிட்னி மாதா கோவிலில் நடந்த இறுதிச் சடங்கில் ஆங்கஸ், அண்ணனுடைய கித்தாரைக் கையில் ஏந்தி வந்தார். அரை நிஜாரில்லை, தொப்பியில்லை. குதித்து ஆடிய மனிதர் அன்றைக்கு நடந்து வந்தார்.

அவ்வளவோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்டு, தட்டில் ஏறாமல் நின்றுபோன மெட்டுகள் எத்தனையோ மிச்சம் இருந்தன. ஆங்கஸ் அவற்றைத் தேடி எடுத்தார். காதுக்குள் பொருத்தும் ஒரு நுட்பமான கருவியின் உதவியால் ஜான்ஸன் திரும்பி வந்தார். 2018-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஒலிப்பதிவு நடந்தது. 2020 நவம்பர் 13-ம் தேதி 'பவர் அப்' என்ற புதிய தட்டு வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டுகள். ஒவ்வொன்றிலும் இயற்றியவர் பெயர் ஆங்கஸ் யங், மால்கம் யங் என்று இரண்டு பெயர். இறந்து மூன்று வருஷமான பிறகும் அண்ணன் கூட்டாளிதான். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் அந்தத் தட்டு முதல் இடத்தைப் பிடித்தது.

விமரிசகர்களில் சிலர் வழக்கம்போல், "நாற்பது வருஷமாக ஒரே தட்டைத்தானே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள்?" என்றார்கள். குற்றச்சாட்டு உண்மைதான். ஆங்கஸே அதை வேடிக்கையாக ஒப்புக்கொண்டு பேசியிருக்கிறார். ஆனால் ரசிகன் அந்தத் தட்டை வாங்கியது புதுமைக்காக அல்ல. உலகமெல்லாம் கதவடைத்து நோய்க்குப் பயந்து உட்கார்ந்திருந்த அந்த வருஷத்தில், மாறாத ஒரு தாளம் எங்கேயாவது ஒலிக்கிறதா என்றுதான் அவன் காது கொடுத்துக் கேட்டான். ஒலித்தது. பின்னால், டிரம்முக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற மனிதர் கட்டி வைத்துவிட்டுப் போன தாளம்.

*

1980-ம் வருஷத்துத் தட்டை எழுத உட்காருவதற்கு முன்பு மறுபடியும் கேட்டேன். என் காதுக்கு அது இப்போதும் கொஞ்சம் அதிகமான சத்தந்தான். ஆனால் முதல் மணி ஒலித்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நிறுத்தி நிறுத்தி ஒலிக்கிறது. பிறகு கித்தார் மெதுவாக வந்து அந்த மணியோசையோடு சேர்ந்துகொள்கிறது. மணி உடனே நின்றுவிடுவதில்லை. இரண்டும் சேர்ந்து கொஞ்ச தூரம் போகின்றன. அதற்கு அப்புறம்தான் புதியவன் வாயைத் திறக்கிறான்.

என் வாசக அம்மாளுக்கு அன்று நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இன்று எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: "அம்மா, துரோகம் ஒன்றும் இல்லை. போனவனை மறந்துவிட்டு வந்தவனை நேசித்தால்தான் துரோகம். நீங்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்கமாட்டீர்கள். புதுப் பிள்ளையை நான் கொல்லப் போவதில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்."